பாறு உண்ணத் தக்கவர்

சத்தியமங்கலத்தில் ஒருவருக்கு அறுபது வயது நிரம்பினால், மறுநாள் காலை பல் துலக்கிவிட்டு வெறும் வயிற்றோடு நச்சு முன்னறி நிலையத்துக்குப் போவார். செத்த பிறகு தன்னைக் கழுகு தின்னலாமா கூடாதா என்று கேட்டுக்கொண்டு வருவார். தின்னலாம் என்று சான்று கிடைத்துவிட்டால் பத்திரிகை அடித்து மணிவிழா நடத்துவார்கள். கூடாது என்றால், மண்டபம் கிடைக்கவில்லை என்று உறவுக்காரர்களிடம் சொல்லிச் சமாளிப்பார்கள்.

2137ஆம் ஆண்டில் இதில் யாருக்கும் அருவருப்பு இல்லை. சுடுகாட்டுப் புகைக்கும் இடுகாட்டுக் குழிக்கும் தடை வந்து இரண்டு தலைமுறை ஆகியிருந்தது. பால் தொட்டியில் ஊறியது, இறைச்சி தட்டில் வளர்ந்தது. மாடு வளர்ப்பவர் யாருமில்லை. மாடே இல்லாத ஊரில் செத்த மாடு ஏது? மாயாற்றுப் பள்ளத்தாக்கில் பாடுபட்டு மீட்டெடுத்த மூவாயிரம் பாறுகள் பட்டினி கிடந்தன. பாறு என்பது அரசாணைகளில் எழுதும் பெயர். ஊர் வாயில் அது எப்போதும் போலக் கழுகுதான். அந்தப் பறவைகளுக்காகத்தான் வானடக்கம் என்ற முறை வந்தது. இறந்தவரை மலைமேல் உள்ள கல்மேடையில் கிடத்திவிட்டு உறவினர்கள் விலகி நிற்பார்கள். அரை மணி நேரத்தில் எல்லாம் முடிந்துவிடும். சொந்தக்காரர்கள் அண்ணாந்து பார்த்து, "அதோ போறாரு" என்று கையெடுத்துக் கும்பிடுவார்கள்.

ஆனால் ஓர் அச்சம் இருந்தது. முன்னொரு காலத்தில் மாடுகளுக்குப் போட்ட ஒரே ஒரு வலி மருந்து, செத்த மாடுகளின் வழியாகப் போய்ச் சேர்ந்து, இந்தப் பறவையினத்தையே கிட்டத்தட்டத் துடைத்துவிட்டிருந்தது. மறுபடியும் அப்படி நடக்கக் கூடாது. அதனால் ஒவ்வொரு மனிதரும் இரண்டு தேர்வுகளைக் கடக்க வேண்டும். முதல் தேர்வை நிழல்கழுகு நடத்தும். அது கணினிக்குள் வாழும் கழுகு. அதற்கு ஈரல், சிறுநீரகம், இரத்த ஓட்டம் எல்லாமே கணக்குகளால் ஆனவை. ஒருவர் விழுங்கியது, பூசியது, முகர்ந்தது எல்லாவற்றையும் பட்டியலாகக் கொடுத்தால், நிழல்கழுகு அவரைத் தின்று, பதினைந்து நாள் வாழ்க்கையைப் பத்து நொடியில் வாழ்ந்து காட்டும். இரண்டாவது தேர்வு கண்ணாடிக் கழுகிடம். ஒரு பாறு உதிர்த்த இறகின் வேரிலிருந்து உயிரணுக்களை எடுத்து, கண்ணாடித் தட்டில் நகக்கண் அளவுக்கு வளர்த்த சிறுநீரகம் அது. விண்ணப்பதாரரின் இரத்தத்தில் ஒரு துளியை அதன்மேல் விடுவார்கள். இரண்டு நாள் இளஞ்சிவப்பாகவே இருந்தால் முதல் தரம். கொஞ்சம் வெளிறினால் இரண்டாம் தரம். வெள்ளையாகிவிட்டால் தகுதியில்லை. தகுதியில்லாதவர்கள் இறந்தால், தொழிற்பேட்டையில் உள்ள கரைப்புத் தொட்டிக்குத்தான் கொண்டுபோவார்கள். ஊரில் சண்டை முற்றினால் "நீ தொட்டிக்குத்தான்டா போவ" என்று கத்துவார்கள்.

தெய்வசிகாமணி அந்தத் தேர்வுக்குப் போனது ஒரு புதன்கிழமை. அணையின் மதகு இயந்திரங்களை முப்பது ஆண்டு கவனித்து ஓய்வு பெற்றவர். மைக்கறுப்பான தலை, இஸ்திரி கலையாத சட்டை, பையில் எப்போதும் ஒரு சின்ன டப்பா. நிலையத்தில் அவருடைய பட்டியலை வாங்கியவள் நஸ்ரின். முப்பது வயதுக்குள் நச்சியலில் பெயர் எடுத்தவள். அவர் கொடுத்த தாளில் ஒரே ஒரு வரி இருந்தது: எப்போதாவது ஒரு சத்து மாத்திரை.

"இவ்வளவுதானாங்க ஐயா?"

"அவ்வளவேதானுங். நாம எல்லாம் கட்டுப்பாடுங்."

நிழல்கழுகு அவரைத் தின்றது. திரையில் பதினைந்து நாள் ஓடியது. பறவை இறக்கையை உதறி எழும்பி, மேகத்துக்குள் போய் மறைந்தது. தெய்வசிகாமணிக்குக் கண் கலங்கிவிட்டது. கண்ணாடித் தேர்வு முடியும்வரை அவரால் பொறுக்க முடியவில்லை. தாழ்வாரத்துக்கு ஓடி, கோபியில் இருக்கும் சம்பந்தி சென்னியப்பனைக் கூப்பிட்டார். சென்னியப்பன் போன ஆண்டே முதல் தரம் வாங்கி, சான்றைச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டியிருந்தவர். போகிறபோதெல்லாம் தெய்வசிகாமணியை அதற்கு நேர் எதிரே உள்ள நாற்காலியில்தான் உட்கார வைப்பார்.

"சம்பந்தி! பறந்திருச்சுங்! என்னையத் தின்னுபோட்டு ஜோராப் பறந்திருச்சுங்!"

அவர் திரும்பி வந்தபோது நஸ்ரின் கண்ணாடித் தட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். சிறுநீரகம் வேகவைத்த முட்டை போல வெளுத்திருந்தது. துளி விட்டு நாற்பது நிமிடம்கூட ஆகியிருக்கவில்லை.

"ஐயா, கணினி, கழுகு உயிரோட இருக்குதுன்னு சொல்லுது. கண்ணாடி செத்துப் போச்சுன்னு சொல்லுது. இந்த நிலையம் ஆரம்பிச்சு இப்படி ஒரு முரண்பாடு வந்ததே இல்லை. ஒண்ணு, எங்க அறிவியல் தப்பா இருக்கணும். இல்லைன்னா, நீங்க குடுத்த பட்டியல் தப்பா இருக்கணும்."

தெய்வசிகாமணி கொஞ்சம் யோசித்தார்.

"அறிவியல்லதான் தப்பிருக்குமுங்," என்றார்.

நஸ்ரினுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அடக்கப் பார்த்து விக்கல் வந்துவிட்டது. அவர் உடனே பையிலிருந்த டப்பாவைத் திறந்து நீட்டினார். "விக்கலுக்கு இதுல ஒண்ணு இருக்குதுங். நாக்குக்கு அடியில வெச்சா அடுத்த நிமிசம் நின்னு போயிருமுங்."

அத்தோடு உண்மை வெளியே வந்துவிட்டது.

வீட்டில் அவர் மனைவி வஞ்சிக்கொடி இதைக் கேட்டுவிட்டு, அடுப்பை அணைத்து, தரையில் உட்கார்ந்து சிரித்தாள். அவளுக்குக் கண்ணில் நீர் வந்தது. பிறகு அந்த நீர் நிற்கவில்லை.

"ஏனுங், நான் மேல போவேன், நீங்க தொட்டியில கரைவீங்க. அப்புறம் எங்க போயிப் பார்க்கிறது உங்களை? சொந்தம், ஒரம்பரை சனமெல்லாம் மணிவிழா எப்பன்னு கேட்டுக் கேட்டு என்னைத் துளைச்செடுக்குது. நாப்பது வருசமா வெவ்வேற தலையணையா இருந்தாலும் ஒரே கூரைக்குக் கீழ படுத்திருக்கோம். கடைசியில ஆளுக்கொரு பக்கமுங்களா?"

அவளுக்கு முதல் தரம் உறுதி என்று எல்லாருக்கும் தெரியும். தலை வலித்தால் ஒரு துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு வேலையைப் பார்க்கிறவள். தெய்வசிகாமணி சட்டைப் பையைத் தடவினார். டப்பாவைத் திறந்தார், மூடினார். மறுநாள் காலை இரண்டு கட்டைப்பைகளைத் தூக்கிக்கொண்டு நிலையத்துக்குப் போனார்.

நஸ்ரின் மேசைமேல் அவற்றைக் கொட்டினாள். முட்டி வலிக்கு ஒரு மாத்திரை. அது வயிற்றை எரிப்பதால் எரிச்சலுக்கு ஒன்று. எரிச்சல் மாத்திரை மலத்தைக் கட்டுவதால் அதற்கு ஒரு பொடி. பொடி தூக்கத்தைக் கெடுப்பதால் தூங்குவதற்கு ஒன்று, தூங்கியதைத் தெளிய வைக்க ஒன்று. சளி பிடித்த பக்கத்து வீட்டுக்காரருக்கு மருத்துவர் கொடுத்து, அவர் பாதியில் நிறுத்தியதால் வீணாகக் கூடாதே என்று வாங்கி வைத்துக்கொண்டது ஒரு மாத்திரைப் பட்டை. தலைக்கு டை. அக்குளுக்கு ஒரு தெளிப்பான், வாய்க்கு ஒரு தெளிப்பான், கொசுவுக்கு ஒரு தெளிப்பான். மொத்தம் நாற்பத்தோரு பொருள்.

"இதையெல்லாம் யார் எழுதிக் குடுத்தாங்க?"

"எழுதறதுக்கு என்னுங்? மருந்துக்கடையில நின்னு இப்படி வயித்தைத் தொட்டுக் காட்டினாப் போதுமுங், குடுத்துருவாங்."

நாற்பத்தொன்றையும் உள்ளே செலுத்தினாள். நிழல்கழுகு அவரைக் கொத்தத் தொடங்கியது. மூன்றாவது கொத்திலேயே நின்று, கால்களை விறைத்து, சாய்ந்தது. கணினியில் அதை வரைந்தவர் ரசனைக்காரர் போலிருக்கிறது. பறவை சாகும் முன் ஒருமுறை தலையைத் திருப்பி, விண்ணப்பதாரரைக் குற்றம் சாட்டுவதுபோலப் பார்த்தது.

"இனி ஒவ்வொண்ணா எடுத்துப் பார்ப்போம். எதை எடுத்தாப் பறவை பிழைக்குதுன்னு கணினியே சொல்லிரும்," என்றாள் நஸ்ரின்.

முட்டி மாத்திரையை எடுத்தார்கள். பறவை இரண்டாம் நாள் செத்தது. தூக்க மாத்திரையை எடுத்தார்கள். நான்காம் நாள். காத்திருந்த மற்ற விண்ணப்பதாரர்கள் ஒவ்வொருவராக எழுந்து வந்து திரைக்கு முன்னால் கூடினார்கள். "டையை எடுங்க மேடம்" என்றார் ஒருவர். "கொசு மருந்துதான் கொல்லுது, நான் சொல்றேன் பாருங்க" என்றார் இன்னொருவர். டையை எடுத்ததும் பறவை ஆறாம் நாள்வரை வந்து, ஒரு கிளையில் உட்கார்ந்து, எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கும்போது தலைகீழாக விழுந்தது. "ஐயோ!" என்று மொத்தக் கூடமும் அலறியது. காவலாளி தன் இடத்தை விட்டு ஓடிவந்து, வாய்த் தெளிப்பானை எடுக்கச் சொல்லிக் கெஞ்சினார். ஒன்பதாம் நாள், பதினொன்றாம் நாள், பதின்மூன்றாம் நாள். முப்பத்தெட்டாவது பொருளையும் நீக்கியபோது நிழல்கழுகு தள்ளாடியது, இருமியது, ஒரு பாறையில் அலகைத் தேய்த்தது, பிறகு பறந்தது. கூடம் விசிலடித்தது. முன்பின் தெரியாத ஒரு பெரியம்மா தெய்வசிகாமணியின் கன்னத்தைக் கிள்ளி முத்தம் வைத்துக்கொண்டாள். அவர் தரையில் உட்கார்ந்து, "போகுது பாருங், போகுது பாருங்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

உடம்பிலிருந்து அந்த முப்பத்தெட்டும் வெளியேற ஒன்றரை ஆண்டு ஆகும் என்றது கணினி. எதை முதலில் விடுவது, எதை மெல்லக் குறைப்பது என்று நிலையத்து மருத்துவர் வரிசை போட்டுக் கொடுத்தார். முதல் மாதம் தெய்வசிகாமணி வீட்டில் யாரையும் நிம்மதியாக இருக்க விடவில்லை. முட்டி வலி தாங்காமல் கத்தினார். உட்கார்ந்தால் வலித்தது, படுத்தால் வலித்தது, நடந்தால் மட்டும் கொஞ்சம் மறந்திருந்தது. அதனால் நடந்தார். பவானி ஆற்றங்கரையோடு போய்த் திரும்பினார். நடந்ததில் பசித்தது, பசித்துச் சாப்பிட்டதில் எரிச்சல் இல்லை, களைத்துப் படுத்ததில் தூக்கம் வந்தது. தலை பஞ்சாக வெளுத்தது. வஞ்சிக்கொடி அந்தத் தலையைப் பார்த்து, "யாரோ பெரிய மனுசர் வந்திருக்காருன்னு நினைச்சேன்" என்று வெட்கப்பட்டாள்.

நிலையத்தில் அன்று விசிலடித்தவர்கள் வாயை மூடிக்கொண்டா இருப்பார்கள்? கதை பரவியது. தெருவே நடக்க ஆரம்பித்தது. உணவகங்கள் "பாறு ஏற்கும் மதிய உணவு" என்று பலகை வைத்தன. திருமண விளம்பரங்களில் "இரு பக்கத்துத் தாத்தா பாட்டியும் முதல் தரம்" என்று போட்டார்கள். மருந்துக்கடைக்காரர்கள் காலையில் கடையைத் திறந்துவைத்துவிட்டு, பொழுதுபோகாமல் தாங்களும் நடக்கப் போனார்கள். ஒரு நூற்றாண்டாக மருத்துவர்கள் கெஞ்சியும் மிரட்டியும் நடக்காததை, நகக்கண் அளவுச் சிறுநீரகம் ஒன்று செய்து முடித்தது.

பதினெட்டாம் மாதம் தெய்வசிகாமணி மறுபடியும் விரலை நீட்டினார். இரண்டு நாள் நிலையத்தின் வாசலிலேயே உட்கார்ந்திருந்தார். மூன்றாம் நாள் நஸ்ரின் தட்டை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வெளியே வந்தாள். உள்ளே இருந்தது ரோஜா நிறத்தில் மின்னியது.

"முதல் தரம்ங்க ஐயா!"

அவர் குதித்தார். அறுபத்தொன்றைத் தாண்டிய மனிதர், முட்டி வலிக்காரர், வெறுங்காலோடு மூன்று முறை குதித்தார். மணிவிழாவில் எண்ணூறு பேர் சாப்பிட்டார்கள். சென்னியப்பன் சான்றை வாங்கி வெளிச்சத்தில் பிடித்து, முத்திரையை விரலால் தேய்த்துப் பார்த்துவிட்டு, "நல்லதுங் சம்பந்தி, ரொம்ப நல்லதுங்" என்று தொண்டை வறண்டு சொன்னார். தெய்வசிகாமணிக்கு அந்த வறண்ட தொண்டை போதுமாக இருந்தது.

நஸ்ரினின் சிக்கல் அதற்கப்புறம்தான் தொடங்கியது. அந்த ஆண்டு சத்தியமங்கலம் வட்டாரத்திலிருந்து மலைமேடைக்கு வந்தவர்கள் நான்கே பேர். அதில் ஒருவர் தென்னை மரத்திலிருந்து விழுந்தவர். வட்டாரத்தில் மீதிப் பேர் எல்லாரும் நடந்தார்கள், சாப்பிட்டார்கள், தூங்கினார்கள், சாகவில்லை. கல்மேடையைச் சுற்றி மூவாயிரம் பாறுகள் கழுத்தைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தன. தட்டில் வளர்த்த இறைச்சியைக் கொண்டுபோய்ப் போட்டுப் பார்த்தார்கள். அவை முகர்ந்துவிட்டு நகர்ந்துகொண்டன. குஞ்சுகள் இளைத்தன.

செய்தி தெய்வசிகாமணியின் காதுக்கு எட்டியது. அவர் குற்ற உணர்ச்சியோடு நிலையத்துக்கு வந்தார்.

"அம்மிணி, என்னாலதானுங்களே இவ்வளவும். பறவைங்க பட்டினி கிடக்குதாமா. நான் வேணா எதாவது..."

"எதாவதுன்னா?"

"எப்படியும் தயாராத்தானுங்களே இருக்குறோம். சீக்கிரம் கிளம்புறதுன்னா..."

"சும்மா வீட்டுக்குப் போங்க ஐயா!" என்று நஸ்ரின் அதட்டினாள். அவர் போன பிறகு கதவைச் சாத்திக்கொண்டு சிரித்தாள். சிரித்து முடித்தபோது ஒரு யோசனை மிஞ்சியிருந்தது. இவ்வளவு காலமும் மனிதரைப் பறவைக்கு ஏற்றபடி மாற்றிக்கொண்டிருந்தோம். பறவையையே எதையும் செரிக்கும்படி செய்தால் என்ன? அப்புறம் தரமும் வேண்டாம், தொட்டியும் வேண்டாம். பக்கத்து மாவட்டங்களில் தகுதியில்லாமல் தொட்டிக்குப் போகிறவர்கள் எல்லாருமே மேடைக்கு வந்துவிடலாம்.

ஏழு மாதம் உழைத்தாள். பாறின் குடலில் வாழும் நுண்ணுயிர் ஒன்றைப் பழக்கி, மருந்துகளை உடைத்துத் தின்னும்படி செய்தாள். அதை நிழல்கழுகுக்குள் ஏற்றி, நிலையத்திலேயே மிக மோசமான பட்டியலான அந்த நாற்பத்தொன்றையும் கொடுத்துப் பார்த்தாள். பறந்தது. கண்ணாடிக் கழுகோடு அதே நுண்ணுயிரைச் சேர்த்து வைத்து, அதன்மேல் மாத்திரைகளைக் கரைத்து ஊற்றினாள். ரோஜா நிறம் மாறவில்லை. கூண்டில் இருந்த வயதான பாறு ஒன்றுக்கும் நுண்ணுயிரையும் மாத்திரைகளையும் கொடுத்தார்கள். அது ஏப்பம் விட்டது. அதற்குப் பிறகு, மேடையருகே பறவைகள் நீர் குடிக்கும் தொட்டிகளில் நுண்ணுயிரைக் கலந்தார்கள்.

அறிவிப்பு நாளன்று நிலையத்தின் கூடம் நிரம்பி வழிந்தது. நஸ்ரின் ஒலிவாங்கியைப் பிடித்தாள். "இனி யாருக்கும் தேர்வு இல்லை. பாறுகளுக்கு எந்த மருந்தாலும் ஆபத்து இல்லை. எல்லாரும் மேல போகலாம்!"

கைதட்டுவார்கள் என்று காத்திருந்தாள். யாரும் தட்டவில்லை. முதல் வரிசையில் தெய்வசிகாமணி மெல்ல எழுந்தார்.

"எல்லாருமேங்களா?"

"எல்லாருமேங்க ஐயா."

"முதல் தரம், ரெண்டாந்தரம்..."

"அதெல்லாம் இனி இல்லீங்க. எல்லாரும் ஒண்ணுதான்."

பின் வரிசையிலிருந்து சென்னியப்பன், "அப்ப நானும் அவரும் ஒண்ணுங்களா?" என்று கேட்டார். கூடம் முழுவதும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டது. நிறைய பேர் ஏதோ களவு போனதுபோல எழுந்து போனார்கள்.

அன்று மாலையே மருந்துக்கடை வாசல்களில் வரிசை நின்றது. கடைக்காரர்கள் தூசு தட்டித் தட்டிக் களைத்தார்கள். ஒரு வாரத்தில் ஒவ்வொரு பெட்டியின்மேலும் பச்சை நிறத்தில் ஒரு பறவைப் படமும், "பாறுகளில் சோதிக்கப்பட்டது, முற்றிலும் பாதுகாப்பானது" என்ற வாசகமும் ஏறிவிட்டன. ஆற்றங்கரைப் பாதையில் புல் முளைத்தது.

நஸ்ரின் தெய்வசிகாமணியைக் கடைவீதியில் பார்த்தாள். தலை மறுபடியும் மைக்கறுப்பு. கையில் கட்டைப்பை.

"ஐயா! ஒன்றரை வருசம் பட்ட கஷ்டமெல்லாம் என்ன ஆச்சு? முட்டி வலி கூட இல்லைன்னு சொன்னீங்களே!"

"இல்லைதானுங். ஆனா இனி பயப்பட என்னுங் இருக்குது?" என்று அவர் மலர்ந்த முகத்தோடு பெட்டியைத் திருப்பிப் பச்சைப் பறவையைக் காட்டினார். "கழுகே தின்னுபோட்டு ஏப்பம் விட்டுதுன்னு நீங்கதானுங்களே சொன்னீங்க? அதுக்கே ஒண்ணும் ஆகலைன்னா நமக்கு மட்டும் என்னுங் ஆயிரப் போகுது?"

"அதோட குடல்ல நுண்ணுயிர் இருக்குதுங்க ஐயா! உங்க குடல்ல இல்லை!"

"அதுக்கும் ஒரு மாத்திரை வந்திருக்குதுங்," என்றார் அவர். "வஞ்சிக்கொடிதான் வாங்க மாட்டேங்கிறா. பழைய காலத்து ஆளு."

அடுத்த கணக்கெடுப்பில் மாயாற்றுப் பள்ளத்தாக்கின் பாறுகள் நாலாயிரத்தைத் தாண்டின. குஞ்சுகள் கொழுத்திருந்தன. சத்தியமங்கலத்திலிருந்து மேடைக்கு ஆள் வராத நாளே இல்லை. தலைநகரிலிருந்து பாராட்டு மடலும் ஒரு படிவமும் வந்தன. உயிரினம் பெருகியதற்கான முதன்மைக் காரணத்தை ஒரு வரியில் குறிப்பிடச் சொல்லியிருந்தார்கள். நஸ்ரின் பேனாவை மூடுவதும் திறப்பதுமாக வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டு எழுதினாள்: "பொதுமக்களின் மனமுவந்த ஒத்துழைப்பு."